ஒரே சுருளுக்கு இரண்டு சான்றிதழ்: மண்டபத் திரைக்குத் துணி எடுக்கும் முன்

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் கோயில் மண்டபமோ தமிழ்ப்பள்ளி மண்டபமோ நடத்தும் நிர்வாகக் குழுக்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். திரை தைப்பது என் தொழில். தோட்டத்துக் கோயில் ஒன்றின் மண்டபக் குழு மேடைத் திரைகளை மொத்தமாக மாற்ற நினைத்து இரண்டு நிபந்தனைகளோடு வந்தது. துணி எளிதில் தீப்பிடிக்கக் கூடாது. மறுசுழற்சிப் பொருளில் நெய்ததாகவும், அதற்கு முறையான சான்றிதழ் உள்ளதாகவும் இருக்க வேண்டும். முதலாவது பெரியவர்கள் கேட்டது, இரண்டாவது இளைஞர் பகுதி கேட்டது. இரண்டுமே நியாயமான கோரிக்கைகள்.

கடைகளில் விசாரித்தால் இரண்டுக்கும் "இருக்கு" என்றுதான் பதில் வரும். மாதிரித் துண்டு வரும், சான்றிதழ்களின் நகலும் வரும். நகலை உட்கார்ந்து படித்தால்தான் விஷயம் புரியும். தீச்சோதனை அறிக்கை புதுப் பாலியஸ்டரில் நெய்த ஒரு துணிக்கு எடுத்ததாக இருக்கும். மறுசுழற்சிச் சான்று அதே ஆலையின் வேறொரு துணிக்கு உரியதாக இருக்கும். இரண்டு தாளும் உண்மையானவை. ஆனால் நாம் வாங்கப்போகும் சுருளுக்கு இரண்டும் சேர்ந்து பொருந்துவதில்லை. கீழே நான் ஒப்பிடும் எல்லா வழிகளையும் இந்த ஒரு கேள்வியை வைத்தே பார்த்திருக்கிறேன்: இரண்டு சான்றும் ஒரே துணியைப் பற்றிப் பேசுகின்றனவா?

துணி ஏன் இவ்வளவு முக்கியம் என்று பொருளாளர் அண்ணன் கேட்டார். நம் மேடையில் என்ன நடக்கிறது என்று ஒரு முறை எண்ணிப் பார்த்தால் போதும். குத்துவிளக்கு எரிகிறது. ஓமம் வளர்க்கிறார்கள். கற்பூர ஆரத்தி எடுக்கிறார்கள். இப்போது மணமக்கள் நுழையும்போது மேடையோரம் பொறி பீய்ச்சும் இயந்திரமும் வந்துவிட்டது. மேலே சூடான விளக்குகள், கீழே நீட்டிப்புக் கம்பிகள். இதற்கு நடுவே ஒரு திரை தொங்குகிறது. மேடை 8 மீட்டர் அகலம், 4 மீட்டர் உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கொசுவம் அழகாக விழ அகலத்தை இரட்டிப்பாக்கி, மேல் கீழ் மடிப்புக்கும் சேர்த்தால் கிட்டத்தட்ட 69 சதுர மீட்டர் துணி பிடிக்கும். சதுர மீட்டருக்கு 400 கிராம் எடையுள்ள வெல்வெட் என்றால் முன்திரை மட்டும் 27 கிலோவைத் தாண்டும். அத்தனையும் செங்குத்தாக, இரண்டு பக்கமும் காற்றுப் படும்படி தொங்குகிறது. தீ மேல்நோக்கி ஏற இதைவிட வசதியான அமைப்பு கிடையாது.

1903 டிசம்பர் 30 அன்று சிகாகோ நகரின் இராகுவா அரங்கில் விளக்கிலிருந்து தெறித்த பொறி மேடைத் துணியில் பிடித்து 600 பேருக்கு மேல் இறந்தார்கள். நமக்கு நெருக்கமானவையும் உண்டு. 1997 ஜூனில் தஞ்சைப் பெரிய கோயில் குடமுழுக்கின்போது யாகசாலைப் பந்தல் எரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். 2004 ஜனவரியில் ஸ்ரீரங்கத்துத் திருமண மண்டபத்தில் பந்தல் பற்றிக்கொண்டு மணமகன் உட்பட ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அங்கே எரிந்தது கீற்று, இங்கே தொங்குவது துணி. ஆனால் கூட்டமும் விளக்கும் அலங்காரமும் ஒரே கூரையின் கீழ் சேர்வது அங்கும் இங்கும் ஒன்றுதான்.

இன்னொரு அடிப்படை விவரத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒரு துணி தொடர்ந்து எரியக் காற்றில் எத்தனை விழுக்காடு ஆக்சிஜன் தேவை என்று அளக்கிறார்கள். பருத்திக்கு ஏறக்குறைய 18 போதும். சாதாரணப் பாலியஸ்டருக்கு 20, 21. நாம் சுவாசிக்கும் காற்றில் இருப்பது 21. ஆகவே இந்த இரண்டும் நம் மண்டபத்துக் காற்றிலேயே எரியும். இந்த எண்ணை 28 அல்லது அதற்கு மேல் கொண்டுபோவதுதான் தீத்தடுப்பு. அப்படிப்பட்ட துணியும் நெருப்பில் கருகும், உருகும். ஆனால் நெருப்பை எடுத்துவிட்டால் தானாக அணைந்துவிடும். "எரியவே எரியாது" என்று சொல்லி விற்பவரிடம் வாங்க வேண்டாம்.

பழைய திரைக்கே மருந்து அடிப்பது

குழுவில் முதலில் எழுந்த யோசனை இது. மறுசுழற்சி என்ற நோக்கில் பார்த்தால் இதைவிட நேர்மையான வழி இல்லை. இருக்கும் துணியைக் குப்பைக்கு அனுப்பாமல் வைத்துக்கொள்கிறோம். புதிதாக எதையும் நெய்ய வேண்டாம், சான்றிதழும் தேட வேண்டாம். இந்த முறைக்கு வயதும் அதிகம். பிரெஞ்சு வேதியியலாளர் கே-லுசாக் 1821-இலேயே அம்மோனியம் உப்புகளையும் வெண்காரத்தையும் கரைத்து நாடக அரங்கத் துணிகளுக்கு ஊற்றிப் பார்த்து எழுதி வைத்திருக்கிறார். இன்றைக்கும் தெளிப்பு மருந்துகளில் பல அதே குடும்பத்தைச் சேர்ந்தவைதான்.

ஆனால் இந்த உப்புகள் தண்ணீரில் கரைபவை. துவைத்தால் போய்விடும். நம் ஊர் ஈரப்பதத்தில் அவை காற்றிலிருந்து நீரை இழுக்கும். துணி பிசுபிசுக்கும், வெள்ளைப் படலம் பூக்கும், திரை ஓடும் தண்டவாளமும் கொக்கியும் துருப்பிடிக்கும். குளிரூட்டி ஓடும் அரங்கில் வருடக்கணக்கில் துவைக்காமல் தொங்கும் திரைக்கு இது சரி. கோயில் மண்டபத் திரை அப்படித் தொங்க முடியாது. நல்லெண்ணெய் விளக்கின் கரியும் கற்பூரப் புகையும் அதில் படிகின்றன. அந்தப் படிவே எரியும் பொருள். துவைத்தே ஆக வேண்டும். துவைத்தால் மருந்து போகும். மறுபடி அடிக்க வேண்டும். ஒவ்வொரு குழுவும் மாறும்போது இதை நினைவில் வைத்திருப்பார்களா என்பதுதான் என் கவலை.

அதோடு இந்த உப்பு மருந்துகள் பருத்தியில்தான் நன்றாக வேலை செய்யும். பாலியஸ்டர் உருகி ஒழுகுவதால் அதில் பலன் குறைவு. பத்து வருடங்களுக்குள் வாங்கிய திரை என்றால் பெரும்பாலும் பாலியஸ்டராகத்தான் இருக்கும். எனவே உங்களிடம் இருப்பது பழைய பருத்திக் கேன்வாஸ், அதுவும் மேடையின் பின்புறம் தொங்குகிறது என்றால் மட்டும் இந்த வழியை யோசிக்கலாம். முன்திரைக்கு நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

மறுசுழற்சிப் பருத்தி

இதில் எனக்குத் தனிப் பாசம் உண்டு. திருப்பூரில் பனியன் வெட்டும்போது விழும் துண்டுகளைப் பிய்த்து, சுற்றுவட்டார ஓப்பன் எண்டு நூற்பாலைகளில் மறுபடி நூலாக நூற்கிறார்கள். அந்த நூல் கரூருக்கும் போகிறது. திரைத்துணி, மேசைவிரிப்பு என்று வீட்டுத் துணிகளை நெய்து ஏற்றுமதி செய்யும் ஊர் அது. கைக்கு மெத்தென்று இருக்கும், விழும் அழகும் நன்றாக இருக்கும்.

சிக்கல் இழையில் இருக்கிறது. துணியைப் பிய்க்கும்போது பருத்தி இழை குட்டையாகிவிடும். குட்டை இழையில் நூல் பலமாக நிற்காது என்பதால் புதுப் பருத்தியையோ பாலியஸ்டரையோ கலப்பார்கள். பாலியஸ்டர் கலந்துவிட்டால் தீ விஷயத்தில் நிலைமை மோசம். பருத்தி கருகி ஒரு சட்டம் மாதிரி நிற்கும். உருகிய பாலியஸ்டர் கீழே விழாமல் அந்தச் சட்டத்திலேயே ஒட்டிக்கொண்டு எரியும். தனித்தனியாக எரிவதைவிடக் கலவை மோசமாக எரியும் என்பது தீச்சோதனை செய்பவர்கள் நன்றாக அறிந்த விஷயம்.

பருத்திக்கென்று நிலைத்து நிற்கும் மருந்தூட்டு முறைகள் உண்டு. புரோபான் என்ற முறையில் பாஸ்பரஸ் சேர்மத்தை இழைக்குள் செலுத்தி, அமோனியா வாயுவால் அங்கேயே இறுக வைக்கிறார்கள். பல துவைப்புகளைத் தாங்கும். ஆனால் குளோராக்ஸ் போன்ற வெளுப்பான் படக் கூடாது, சோப்புக் கட்டி போடக் கூடாது. இந்த முறை பருத்தி அதிகமுள்ள துணிக்கே ஏற்றது. மறுசுழற்சிச் சான்றும் இந்த மருந்தூட்டும் சேர்ந்த பருத்தித் துணி கிடைத்தால் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் சின்ன அளவில் வாங்கும் நமக்கு அது அமைவது அரிது. சான்றுள்ள மறுசுழற்சிப் பருத்தி ஓரிடத்தில் கிடைக்கும், மருந்தூட்டிய பருத்தி வேறிடத்தில் கிடைக்கும். மேலே சொன்ன கேள்வியில் இந்த வழி இங்கேதான் தடுக்கி விழுகிறது.

மறுசுழற்சிப் பாலியஸ்டர், பின்பூச்சு போட்டது

சந்தையில் அதிகம் காட்டப்படுவது இதுதான். உலகில் மறுசுழற்சிப் பாலியஸ்டர் என்று விற்பதில் மிகப் பெரும்பங்கு குடிநீர் பாட்டிலிலிருந்து வருவது. பாட்டிலைக் கழுவி, சில்லாக்கி, உருக்கி, இழையாக இழுக்கிறார்கள். அந்த இழையில் நெய்த துணியின் மேல் கடைசியில் தீத்தடுப்பு மருந்து ஏற்றுகிறார்கள், அல்லது பின்பக்கம் பூசுகிறார்கள். விலை கட்டுப்படியாகும், நிறங்கள் ஏராளம்.

நான் இதில் கேட்கும் முதல் கேள்வி, என்ன பூசினீர்கள் என்பது. பல காலமாகத் துணியின் பின்பூச்சில் புரோமின் சேர்மங்களையும் ஆன்டிமனி ஆக்சைடையும் சேர்த்துப் பயன்படுத்தினார்கள். அவற்றில் டெகாபிடிஇ என்ற சேர்மம் எளிதில் சிதையாமல் மண்ணிலும் உடலிலும் தங்குவதால் 2017-இல் ஸ்டாக்ஹோம் ஒப்பந்தத்தின் தடைப்பட்டியலில் சேர்ந்தது. எச்பிசிடி என்ற இன்னொன்று 2013-இலேயே சேர்ந்துவிட்டது. குழந்தைகளின் இரவு உடைகளில் ட்ரிஸ் என்ற தீத்தடுப்பு மருந்து போட்டதை அமெரிக்கா 1977-இல் தடை செய்தது இதற்கும் முந்திய கதை. நெருப்பைத் தடுக்க என்று போட்ட மருந்தே பிறகு உடலுக்குக் கேடாகிப் போனது இப்படிப் பல முறை நடந்திருக்கிறது. தமிழ்ப்பள்ளி மண்டபத்தில் பிள்ளைகள் திரையைப் பிடித்து இழுத்து விளையாடுவார்கள், முகத்தைப் புதைப்பார்கள். ஆகவே "தீத்தடுப்பு" என்ற ஒரு சொல்லை மட்டும் பார்த்து வாங்க எனக்கு மனம் வராது.

மறுசுழற்சி என்று வரும்போது இந்தக் கேள்விக்கு இன்னொரு முனையும் உண்டு. மூலப்பொருள் எது? பாட்டில் என்றால் பெரிய பயம் இல்லை, பாட்டிலுக்குத் தீத்தடுப்பு மருந்து போடுவதில்லை. பழைய திரை, பழைய மெத்தைத் துணி, மின்சாதனப் பிளாஸ்டிக் ஆகியவற்றிலிருந்து வந்தால் பழைய மருந்தும் கூடவே வரலாம். தடை செய்த பொருள் மறுசுழற்சி என்ற பெயரில் மறுபடி வீட்டுக்குள் நுழைவது இந்த வழியாகத்தான். எனவே விற்பவரிடம் "நுகர்வுக்கு முந்திய கழிவா, பிந்திய கழிவா, பாட்டிலா துணியா" என்று எழுத்தில் கேளுங்கள். ஓகோ-டெக்ஸ் ஸ்டாண்டர்டு 100 சான்றும் இருந்தால் நல்லது. அது முடிந்த துணியைக் கேடு தரும் பொருள்களுக்காகச் சோதிப்பது. திரை போன்ற அலங்காரத் துணிகள் அதில் நான்காம் வகுப்பில் வருகின்றன. தீத்தடுப்பு மருந்துகளில் எவற்றை ஏற்கலாம் என்று அவர்களிடம் தனிப் பட்டியலும் உண்டு.

துவைத்தாலும் நிற்கும் பூச்சா என்பது அடுத்தது. சோதனை அறிக்கையில் "துவைத்தபின்" என்று இல்லாவிட்டால், துவைக்கும் முன்பு மட்டும் சோதித்தது என்றே வைத்துக்கொள்ள வேண்டும்.

இழையிலேயே தீத்தடுப்பு உள்ள மறுசுழற்சிப் பாலியஸ்டர்

என் தேர்வு இதுதான். இங்கே மருந்து துணியின் மேல் இல்லை, இழைக்குள்ளேயே இருக்கிறது. பாலியஸ்டர் உருவாகும்போதே பாஸ்பரஸ் சேர்மம் ஒன்றை அதன் மூலக்கூறுச் சங்கிலியில் கோத்துவிடுகிறார்கள். டிரெவிரா சிஎஸ் என்ற ஜெர்மன் இழை இந்த வகையில் பெயர் பெற்றது. எத்தனை முறை துவைத்தாலும் கரைந்து போக அதில் எதுவும் இல்லை. புரோமின் இல்லை. விளக்குக் கரி படியும் மண்டபத்துக்கு இந்தக் குணம் ஒன்றே போதும்.

மறுசுழற்சியோடு சேரும்போது இரண்டு விதமாகச் செய்கிறார்கள். பாட்டில் சில்லை உருக்கி இழுக்கும்போதே தீத்தடுப்புச் சேர்மம் அடர்ந்த குருணையைக் கலப்பது ஒரு விதம். பாட்டிலை வேதிமுறையில் அடிப்படைக் கூறுகளாகப் பிரித்து, பாஸ்பரஸ் சேர்மத்தோடு மறுபடி சங்கிலியாகக் கோப்பது இன்னொரு விதம். இரண்டாவதில் இழையின் தரம் புதியதற்கு நிகராக வரும், விலையும் அதற்கேற்ப ஏறும். பல ஆலைகள் நடுவழியில் போகின்றன: தீத்தடுப்பு இழை புதியது, அதோடு சேரும் மற்ற நூல் மறுசுழற்சி. இதில் தவறில்லை. ஆனால் அப்போது "மறுசுழற்சி" என்பது எத்தனை விழுக்காடு, அந்தக் கலவைக்கே தீச்சோதனை செய்தார்களா என்று கேட்க வேண்டும். சாதாரண மறுசுழற்சி நூல் பாதி கலந்திருக்க, முழுத் தீத்தடுப்பு இழையில் நெய்த துணியின் அறிக்கையைக் காட்டுவதுதான் நான் மேலே சொன்ன இரண்டு தாள் பிரச்சினையின் மிகச் சாதாரணமான வடிவம்.

குறைகளும் உண்டு. விலை நான்கிலும் அதிகம். கனமான வெல்வெட்டில் நிறத் தேர்வு குறைவு. நம்மவர்கள் கேட்கும் அரக்குச் சிவப்பு கிடைக்கும், மாம்பழ மஞ்சளுக்குக் காத்திருக்க வேண்டும். இது உருகும் துணி என்பதையும் மறக்கக் கூடாது. நெருப்புப் பட்ட இடம் சுருங்கி விலகி ஓட்டையாகும், உருகிய துளி விழலாம். அந்தத் துளி எரிந்துகொண்டே விழுகிறதா, அணைந்து விழுகிறதா என்பதைத்தான் சோதனை பார்க்கிறது. அமெரிக்க முறையான என்.எஃப்.பி.ஏ. 701-இன் முதல் சோதனையில் பத்துத் துண்டுகளைத் தொங்கவிட்டு ஒவ்வொன்றுக்கும் 45 நொடி சுடர் காட்டுகிறார்கள். எடை இழப்பு சராசரி 40 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது, விழும் துளி 2 நொடிக்கு மேல் எரியக் கூடாது. இந்தச் சோதனை சதுர மீட்டருக்கு 700 கிராம் வரையுள்ள திரைத் துணிகளுக்கு. நம் வெல்வெட் இதற்குள் அடங்கும். பிரிட்டிஷ் முறையில் திரைகளுக்கு பி.எஸ். 5867 இரண்டாம் பகுதி. கடைக்காரர் பி.எஸ். 5852 என்று காட்டினால் அது நாற்காலி, சோபா உறைக்கான சோதனை, திரைக்கு ஆகாது.

மோடாக்ரிலிக், அரமிட் என்ற செயற்கை இழைகள் இயல்பிலேயே தீயை எதிர்ப்பவை. அரமிட் துணிக்கும் மறுசுழற்சி உண்டு, ஆனால் அது பெரும்பாலும் கூழாகவும் குறுநாராகவும் மாறிப் பிரேக் பட்டைக்கும் பாதுகாப்புக் கையுறைக்கும் போகிறது. செம்பனை ஆலையில் கொதிகலன் பக்கம் வேலை செய்பவர்களின் உடுப்புக்கு அது பொருத்தம். மேடைத் திரைக்கு அந்தச் செலவு தேவையில்லை.

மறுசுழற்சிச் சான்றை எப்படிப் படிப்பது

ஜி.ஆர்.எஸ். (குளோபல் ரீசைக்கிள்டு ஸ்டாண்டர்டு), ஆர்.சி.எஸ். (ரீசைக்கிள்டு கிளெய்ம் ஸ்டாண்டர்டு) என்ற இரண்டு பெயர்கள்தான் அடிக்கடி வரும். இரண்டையும் டெக்ஸ்டைல் எக்ஸ்சேஞ்ச் என்ற அமைப்பு நிர்வகிக்கிறது. ஆர்.சி.எஸ். பொருளின் பாதையை மட்டும் பார்க்கிறது. துணியில் 5 விழுக்காடு மறுசுழற்சிப் பொருள் இருந்தாலே இந்தச் சான்று பெறலாம். ஜி.ஆர்.எஸ். குறைந்தது 20 விழுக்காடு கேட்கிறது. பொருளின் மேல் அதன் முத்திரையைப் போட வேண்டுமானால் 50 விழுக்காடு வேண்டும். தொழிலாளர் நிலை, கழிவுநீர், பயன்படுத்தும் வேதிப்பொருள் ஆகியவற்றுக்கும் அதில் விதிகள் உண்டு. தீத்தடுப்புத் துணிக்கு அந்த வேதிப்பொருள் விதி முக்கியமானது. அதனால் இரண்டும் ஒன்றாக வந்தால் ஜி.ஆர்.எஸ். உள்ளதையே எடுங்கள்.

அதிலும் இரண்டு தாள்கள் உண்டு. நிறுவனச் சான்று என்பது அந்த ஆலை சான்றுள்ள துணியைச் செய்யத் தகுதி பெற்றது என்று மட்டும் சொல்லும். அதே ஆலை சான்றில்லாத துணியும் நெய்யலாம். பரிமாற்றச் சான்று என்பது இந்தச் சரக்கு, இந்த அளவு, இந்த விலைப்பட்டியல், இத்தனை விழுக்காடு என்று குறிப்பிட்ட சரக்குக்கே தருவது. பெரும்பாலான விற்பனையாளர்கள் முதலாவதைத்தான் காட்டுவார்கள். இரண்டாவதைக் கேளுங்கள். நிறுவனச் சான்றின் காலாவதித் தேதியையும் பாருங்கள், அது ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்க வேண்டியது. நிறுவனத்தின் பெயரை டெக்ஸ்டைல் எக்ஸ்சேஞ்ச் தளத்தில் நீங்களே தேடிப் பார்க்கலாம்.

இந்தச் சான்றுகளின் சங்கிலி, கடைசியாகச் சான்று பெற்ற விற்பனையாளரோடு முடிந்துவிடும். என் தையலறைக்கு அந்தச் சான்று இல்லை, இந்த வட்டாரத்து லங்சிர் (திரைச்சீலை) கடைகளில் யாருக்கும் இருக்க வாய்ப்பில்லை. ஆகவே தைத்து முடித்த திரையில் ஜி.ஆர்.எஸ். முத்திரை குத்தித் தருகிறேன் என்று ஒரு தையல்காரர் சொன்னால் அது முறையல்ல. துணி வந்த சான்றின் நகலைக் கோப்பில் வைத்துத் தருவதுதான் எங்களால் ஆவது.

தீச்சோதனை அறிக்கையில் துணியின் பெயர் அல்லது எண், எடை, இழைக் கலவை, துவைத்த விவரம், தேதி, ஆய்வகம் ஆகிய ஆறும் இருக்க வேண்டும். பரிமாற்றச் சான்றில் உள்ள கலவையும் இந்த அறிக்கையில் உள்ள கலவையும் ஒத்துப்போக வேண்டும். ஒன்றில் "100 விழுக்காடு மறுசுழற்சிப் பாலியஸ்டர்", மற்றதில் வெறும் "பாலியஸ்டர்" என்று இருந்தால், ஆலையிடமிருந்து இரண்டும் ஒரே துணிதான் என்று கையெழுத்திட்ட கடிதம் கேளுங்கள். எடை பத்து இருபது கிராம் வேறுபட்டால்கூட ஏன் என்று விசாரியுங்கள். மலேசியாவில் மண்டபங்கள் 1988-ஆம் ஆண்டுத் தீயணைப்புச் சேவைச் சட்டத்துக்கும் 1984-ஆம் ஆண்டுக் கட்டடத் துணை விதிகளுக்கும் உட்பட்டவை. எந்தச் சோதனை அறிக்கையை ஏற்றுக்கொள்வார்கள் என்று உங்கள் வட்டாரப் பொம்பா (தீயணைப்பு) நிலையத்தில் துணி வாங்கும் முன்பே, கடிதம் மூலமாகக் கேட்டுவிடுங்கள். வாங்கிய பிறகு கேட்டுப் பயனில்லை.

சுருள் வந்ததும் ஓரத்தில் விரல் அகலத் துண்டு ஒன்று வெட்டி, வெளியே காற்றில்லாத இடத்தில், தண்ணீர் வாளிக்கு மேல் இடுக்கியால் தொங்கவிட்டுக் கீழ் முனையில் தீக்குச்சியை 12 நொடி காட்டிப் பாருங்கள். என்.எஃப்.பி.ஏ. 705 என்று இதற்கும் ஒரு முறை எழுதி வைத்திருக்கிறார்கள். ஆய்வகச் சோதனைக்கு இது ஈடாகாது. ஆனால் வேறு துணியை மாற்றி அனுப்பியிருந்தால் உடனே காட்டிக் கொடுத்துவிடும். பெரியவர் ஒருவர் பக்கத்தில் நிற்கச் செய்யுங்கள், பிள்ளைகளைக் கிட்டே விட வேண்டாம்.

நல்ல துணியைத் தையலில் கெடுப்பது

இதைப் பற்றி எவரும் பேசுவதில்லை, அதனால் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். இழையிலேயே தீத்தடுப்பு உள்ள பாலியஸ்டர், நெருப்பிலிருந்து சுருங்கி விலகித்தான் தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறது. அந்த விலகலைத் தடுக்கும் எதுவும் அதற்குப் பகை. பின்னால் பருத்தி உள்துணி வைத்துத் தைத்தால், பாலியஸ்டர் உருகி அந்தப் பருத்தியில் ஒட்டி எரியும். மேல்பட்டைக்குச் சாதாரணப் பருத்தி நாடா, பருத்தித் தையல் நூல், கனமான ஜரிகைக் கரை, கோயில் பெயரைப் பெரிய எழுத்தில் அச்சடிப்பது எல்லாமே இதில் சேரும். உள்துணியும் நாடாவும் அதே வகைத் தீத்தடுப்புப் பாலியஸ்டரில் இருக்கட்டும், நூல் பாலியஸ்டராக இருக்கட்டும். கோயில் பெயர் வேண்டுமென்றால் திரைக்கு மேலே பலகையில் எழுதிக்கொள்ளலாம். இரண்டு அடுக்குத் திரை என்றால் இரண்டு அடுக்கையும் சேர்த்துச் சோதித்த அறிக்கை இருப்பதே சரி.

துவைக்கும்போது மென்மையூட்டித் திரவம் ஊற்றாதீர்கள். அது துணியில் மெல்லிய கொழுப்புப் படலம் விட்டுப் போகும், அந்தப் படலம் எரியும். கஞ்சியும் வேண்டாம்.

எங்கே எதை மாட்டுவது

மண்டபம் முழுவதற்கும் ஒரே துணி எடுக்க வேண்டும் என்பதில்லை. முன்திரை, பக்கத் திரை, மேடையின் மேல்விளிம்புக் குஞ்சத் திரை ஆகிய மூன்றும் விளக்குக்கும் ஓமத்துக்கும் அருகில் இருப்பவை. இந்த மூன்றுக்கும் இழையிலேயே தீத்தடுப்பு உள்ள மறுசுழற்சிப் பாலியஸ்டர். இங்கே சிக்கனம் பார்க்க வேண்டாம். பின்திரை பழைய பருத்தியாக இருந்தால், ஓமம் அதிலிருந்து தள்ளி நடக்கிறது என்றால், மருந்தடித்து வைத்துக்கொண்டு இன்னும் சில வருடம் ஓட்டலாம். மருந்தடித்த தேதியைச் சீட்டில் எழுதித் திரையின் உள்மடிப்பில் தைத்துவிடுங்கள். சன்னல் திரைகளை நான் பல மண்டபங்களில் எடுத்துவிடவே சொல்லியிருக்கிறேன். கண்ணாடிச் சன்னலும் கம்பியும் இருக்கும் இடத்தில் துணி எதற்கு? தொங்காத துணிக்குத் தீயும் இல்லை, செலவும் இல்லை.

பணம் இந்த ஆண்டு போதாது, இரண்டு நிபந்தனையில் ஒன்றை விட்டுக்கொடுக்கத்தான் வேண்டும் என்று வந்தால், மறுசுழற்சியை விட்டுக்கொடுங்கள். புது இழையில் நெய்த, முறையாகச் சோதித்த தீத்தடுப்புத் துணி, சோதனை அறிக்கை இல்லாத மறுசுழற்சித் துணியைவிட நூறு மடங்கு மேல். இளைஞர் பகுதியினரிடமும் இதையே சொன்னேன், ஒப்புக்கொண்டார்கள். ஆனால் அந்த நிலைமை வராமலிருக்க ஒரு வழியும் இருக்கிறது.

8 மீட்டர் மேடைக்கு, ஒன்றரை மீட்டர் அகலத் துணியில், முன்திரைக்கு 50 மீட்டருக்குள்தான் தேவைப்படும். ஆலைகளோ நூற்றுக்கணக்கான மீட்டருக்குக் குறைந்து தனியாக நெய்து தர மாட்டா. இதனால்தான் ஒரு மண்டபம் தனியாகக் கேட்கும்போது சான்றில்லாத மிச்சச் சுருளைத் தலையில் கட்டுகிறார்கள். சுங்கை சிப்புட்டிலிருந்து கோலகங்சார் வரை, இந்தப் பக்கம் ஈப்போ வரை, கோயில் மண்டபங்களும் தமிழ்ப்பள்ளிகளும் எத்தனை இருக்கின்றன! நான்கைந்து குழுக்கள் ஒரே எடையில், ஒரே நிறத்தில் ஒப்புக்கொண்டு சேர்ந்து கேட்டால், ஒரே பரிமாற்றச் சான்று, ஒரே தீச்சோதனை அறிக்கை, எல்லா மண்டபத்துக்கும் செல்லும். தேவைப்பட்டால் வந்த சுருளிலிருந்தே ஒரு துண்டை ஆய்வகத்துக்கு அனுப்பும் செலவையும் பங்கிட்டுக்கொள்ளலாம். அப்படிச் செய்தால் இரண்டு சான்றும் ஒரே துணிக்குத்தானா என்ற சந்தேகமே எழாது. ஆலையில் இருப்பில் உள்ள நிறத்தை எடுத்தால் இன்னும் எளிது. யாருக்கு அரக்கு, யாருக்கு நீலம் என்ற பேச்சில் மாதக்கணக்கில் இழுக்க வேண்டாம்.

தீபாவளி, தை மாத முகூர்த்தங்களுக்கு முன் மாட்ட நினைப்பவர்கள், துணி கிள்ளான் துறைமுகம் வந்து சேர ஆகும் காலத்தையும், தைக்க எங்களுக்கு ஆகும் காலத்தையும் கணக்கிட்டு ஆறு மாதம் முன்னதாகவே பேச்சைத் தொடங்குவது நல்லது.

கடைசியாக, மண்டபத் திரையை எவ்வளவு பார்த்து வாங்கினாலும், கல்யாண நாளில் அலங்காரக்காரர் கொண்டுவந்து கட்டும் மெல்லிய வெள்ளைத் துணி அதன் முன்னால்தான் தொங்கப்போகிறது. மெல்லிய துணி கனமானதைவிடச் சீக்கிரம் பற்றும். எனவே மண்டப வாடகைப் படிவத்தில் மூன்று வரி சேர்க்கும்படி, திரை மாற்ற வந்த அந்தக் குழுவிடம் கேட்டிருக்கிறேன்: அலங்காரத் துணிக்குத் தீச்சோதனை அறிக்கை காட்ட வேண்டும், விளக்கும் ஓமகுண்டமும் எந்தத் துணியிலிருந்தும் குறைந்தது ஒன்றரை மீட்டர் தள்ளி இருக்க வேண்டும், பொறி பீய்ச்சும் இயந்திரத்தை மேடையில் வைக்கக் கூடாது.